கருவியும் காட்சியும்: கமராப் பற்றின் அறநிலை பற்றிய ஒரு நோக்கு

மனிதனைக் கருவி செய்யும் விலங்கு என வரையறுக்கும் மரபொன்று உண்டு. அவன் தான் செய்த கருவியின்மீது காதல் கொள்ளும் விலங்காகவும் இருக்கின்றான் என்பது அவ்வரையறையில் இடம்பெறாத உண்மையாகும். உழவன் தன் ஏரையும், தச்சன் தன் உளியையும், இசைவாணன் தன் வீணையையும் நேசிக்கின்றனர். இவ்வகை நேசம் மிகத் தெளிவாகவும், சில வேளைகளில் மிக விகாரமாகவும் வெளிப்படும் துறை புகைப்படத் துறை எனலாம். புகைப்பட ஆர்வலர் இருவர் சந்திக்குமிடத்து, அவர்தம் உரையாடல் எடுத்த படங்களைப் பற்றியதாக அமைவதிலும் பார்க்க, எடுக்கும் கமராவையும் அதன் வில்லையையும் பற்றியதாக அமைவதே பெரும்பான்மை. அரை நூற்றாண்டுக்கு முற்பட்ட பித்தளை வில்லையொன்றைத் தேடி அலைபவரும் உளர்; இவ்வாண்டு வெளிவந்த கமராவை அடுத்த ஆண்டுக் கமராவுக்காக விற்பவரும் உளர்.

இப்பற்று நன்றா, தீதா என்பது வெறும் பொழுதுபோக்குப் பற்றிய வினாவன்று. கருவிக்கும் அதனைக் கையாள்வோனுக்கும், கையாள்வோனுக்கும் அவன் நோக்கும் உலகுக்கும் இடையிலான உறவு யாது என்னும் பெருவினாவின் ஒரு கூறே அது. இவ்வினாவுக்குப் பொதுவாக இரு விடைகள் கூறப்படுகின்றன. கருவி ஒரு பொருட்டன்று, கண்ணே யாவும் என்பது ஒன்று. சிறந்த கருவியின்றிச் சிறந்த படைப்பு இல்லை என்பது மற்றொன்று. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவை போலத் தோன்றினும், இரண்டுமே வினாவை ஆழமாக நோக்காது கடந்து செல்வன என்பதை இக்கட்டுரை எடுத்துக்காட்ட முயலும்.

முதல் விடைக்கு மெய்யியல் மரபில் வலிய ஆதாரம் உண்டு. அரிஸ்ரோட்டில் தமது நிக்கோமாக்கிய ஒழுக்கவியலின் தொடக்கத்திலேயே கலைகளுக்கிடையே ஒரு படிநிலையை நிறுவுகின்றார். கடிவாளம் செய்யும் தொழில் குதிரையேற்றத்துக்கு அடங்கியது. குதிரையேற்றம் படைநடத்தும் கலைக்கு அடங்கியது. கீழுள்ள தொழிலின் நோக்கம் மேலுள்ளதன் பொருட்டே நாடப்படுகின்றது. இதன்படி வில்லை கடைதல் படமெடுத்தலுக்கும், படமெடுத்தல் அதனினும் உயர்ந்த ஏதோ ஒரு நன்மைக்கும் அடங்கியனவாதல் வேண்டும். கடிவாளத்தின் அழகில் மயங்கிக் குதிரையில் ஏற மறந்தவன் நகைப்புக்குரியவன் ஆவதைப் போலவே, வில்லையின் கூர்மையை அளந்துகொண்டு படமெடுக்க மறந்தவனும் நகைப்புக்குரியவனே ஆகின்றான்.

இவ்வாதம் கருவியின் இடத்தைச் சரியாகக் காட்டுகின்றது. ஆயின் அதன் ஆற்றலை முழுமையாகக் காட்டவில்லை. மேலுள்ள கலை கீழுள்ளதை ஆள்வது உண்மையே. கீழுள்ளது மாறுமிடத்து மேலுள்ள கலையின் நோக்கமே மாறிவிடுவதும் உண்டு. ஜேர்மனியின் வெற்ஸ்லார் நகரிலிருந்த எர்ன்ஸ்ட் லைற்ஸ் தொழிற்சாலையில் பணியாற்றிய ஒஸ்கார் பார்னாக் என்பவர் ஆஸ்துமா நோயினால் வருந்தியவர். அக்காலத்தின் பாரமான கமராவையும் கண்ணாடித் தட்டுகளையும் சுமந்து திரிதல் அவருக்கு இயலாதிருந்தது. திரைப்படத்துக்கெனச் செய்யப்பட்ட 35 மில்லிமீற்றர் படச்சுருளைக் கிடையாக ஓடவிட்டு, 24க்கு 36 மில்லிமீற்றர் அளவுடைய சிறு படங்களை எடுக்கும் கையடக்கக் கருவியொன்றை அவர் 1914 அளவில் அமைத்தார். 1925ஆம் ஆண்டு லைப்சிக் சந்தையில் லைக்கா என்னும் பெயருடன் உலகுக்கு அறிமுகமானது அதன் வளர்ச்சியே. ஒரு மனிதனின் மூச்சுத்திணறல், பின்வந்தோர் தெருவைக் கண்ட முறையையே மாற்றியது. முக்காலி மீது கமராவை நிறுத்தி மனிதரை அசையாதிருக்கச் செய்த கலை, மனிதரோடு சேர்ந்து நடக்கும் கலையாயிற்று.

இன்னுமோர் எடுத்துக்காட்டு நோக்கற்பாலது. சைஸ் நிறுவனம் 1960களில் ஐக்கிய அமெரிக்க விண்வெளித் திட்டத்திற்கென 50 மில்லிமீற்றர் குவியத்தூரமும் 0.7 என்னும் துவார எண்ணும் உடைய வில்லைகள் பத்தினைச் செய்தது. துவார எண் குறையக் குறைய வில்லை உட்கொள்ளும் ஒளி பெருகும். இவ்வில்லைகளுள் மூன்றினைப் பெற்ற திரைப்பட நெறியாளர் ஸ்ரான்லி குப்ரிக், 1975இல் வெளியான ‘பரி லிண்டன்’ திரைப்படத்தில் பதினெட்டாம் நூற்றாண்டு மாளிகையின் அறைகளை மெழுகுவர்த்தி ஒளியிலேயே படமாக்கினார். சந்திரனை நோக்கிய கண் மெழுகுவர்த்தியை நோக்கிற்று. அக்கால மனிதர் இரவில் ஒருவர் முகத்தை ஒருவர் எவ்வாறு கண்டனரோ அவ்வாறு காணும் வாய்ப்பு, அவ்வில்லை இன்றேல் திரைக்குக் கிட்டியிராது.

ஆகவே கருவி பொருட்டன்று என்னும் கூற்று அடக்கம் போலத் தோன்றும் ஒரு பொய்யாகும். அக்கூற்றினைப் பெரும்பாலும் உரைப்போர் நல்ல கருவியை ஏற்கெனவே பெற்றுவிட்டோரே என்பதும் மனங்கொள்ளத்தக்கது. நல்ல வில்லையொன்றின் விலை பல மாத ஊதியத்துக்கு ஈடாகும் நாடுகளில் வாழும் இளங்கலைஞனுக்கு அது ஓர் அறிவுரையாக அமையாது. இல்லாமையைப் பண்பாக ஏற்கும்படி கூறும் உபதேசமாகவே அமையும். பசித்தவனிடம் உணவு முக்கியமன்று என்பது எத்துணை அறமாகுமோ அத்துணையே இதுவும் அறமாகும்.

கருவி பொருட்டே எனின், அதன்மீது கொள்ளும் பற்று எத்தகையதாதல் வேண்டும் என்பதே எஞ்சும் வினா. இப்பற்றினை மூவகைப்படுத்தி நோக்கலாம். கருவியை உடைமையாகக் கொண்டு மகிழ்தல் ஒன்று. அதன் அமைப்பையும் இயக்கத்தையும் அறிந்து வியத்தல் மற்றொன்று. அதனைக் கொண்டு தொழில் செய்து, அச்செய்கையினூடாக அதனோடு பழகுதல் மூன்றாவது. மூன்றும் ஒரே நெஞ்சில் கலந்திருத்தல் கூடும். ஆயினும் அவை ஒன்றன்று. முதலாவது கருவியைத் தன்னிடம் இழுக்கின்றது. இரண்டாவது கருவியிடம் செல்கின்றது. மூன்றாவதே கருவியினூடாக உலகிடம் செல்கின்றது.

இவ்விடத்து ஜேர்மன் மெய்யியலாளர் மார்ட்டின் ஹைடெக்கர் 1927இல் வெளியிட்ட ‘இருத்தலும் காலமும்’ என்னும் நூலிற் கூறிய சுத்தியல் உவமை பெரிதும் துணைசெய்யும். தச்சன் சுத்தியலைக் கொண்டு அடித்துக்கொண்டிருக்கும்போது சுத்தியல் அவன் கருத்திற் படுவதில்லை; செய்யும் வேலையே படுகின்றது. சுத்தியல் உடையும்போதோ காணாமற் போகும்போதோதான் அது ஒரு பொருளாகக் கண்முன் நிற்கின்றது. இக்கருத்தைக் கமராவுக்குப் பொருத்திப் பார்ப்பின் ஓர் உண்மை புலனாகும். நல்ல கமராவின் இலக்கணம் கண்ணருகே உயர்த்தப்பட்டவுடன் மறைந்துபோதல். கண்ணாடிப் பேழையுள் வைக்கப்பட்டுப் பார்க்கப்படும் கமரா, பழுதுபடாமலே பழுதுபட்ட சுத்தியலின் நிலையை அடைந்துவிடுகின்றது.

ஹென்றி கார்ட்டியே பிறெசோன் என்னும் பிரெஞ்சுக் கலைஞர் 1932இல் லைக்காவைக் கைக்கொண்டவர். அதன் பளபளக்கும் உலோகப் பகுதிகளைக் கறுப்பு நாடாவினால் மூடி, பெரும்பாலும் 50 மில்லிமீற்றர் வில்லை ஒன்றையே பயன்படுத்தி நீண்ட காலம் படமெடுத்தார். பிறர் காட்டிப் பெருமை கொள்ளும் மினுக்கத்தை அவர் மறைத்தார் என்பது வெறும் தந்திரம் மட்டுமன்று. கருவிக்கு உரிய இடம் எதுவென அவர் அறிந்திருந்தமைக்கு அது சான்றாகும். அவருக்கு முந்திய தலைமுறையினரான இயூஜீன் அட்ஜே, பாரிஸ் நகரின் பழந்தெருக்களையும் கடை முகப்புகளையும் 18க்கு 24 சென்ரிமீற்றர் அளவுடைய கண்ணாடித் தட்டுகளிற் பதிவுசெய்தவர். இலகுவான கருவிகள் வந்த பின்னரும் 1927இல் இறக்கும் வரை அவர் தமது பாரமான கமராவையும் முக்காலியையும் கைவிடவில்லை. ஒருவர் புதிய கருவியைத் தழுவினார். மற்றவர் பழைய கருவியோடு நின்றார். இருவருக்கும் பொதுவானது கருவியின் பழமையோ புதுமையோ அன்று. ஒன்றோடு பழகி, அது கருத்தினின்று மறையும் வரை அதனைக் கையாண்ட உறுதியே அது.

கருவியைப் போற்றுதல் தமிழர் வாழ்வில் அந்நியமானதன்று. நவராத்திரி முடிவில் தொழிற்கருவிகளுக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டு வழிபடும் வழக்கத்தில், ஸ்ரூடியோக்களின் கமராக்களும் இடம்பெறுதல் உண்டு. அவ்வழிபாட்டின் உட்பொருள் ஆராயத்தக்கது. அன்று ஒரு நாள் கருவி ஓய்வு கொள்கின்றது; கண்முன் பொருளாக வைக்கப்பட்டு வணங்கப்படுகின்றது. மறுநாள் விஜயதசமியன்று அது மீண்டும் தொழிலுக்கு எடுக்கப்படுகின்றது. எடுக்கப்படாவிடின் வழிபாடு நிறைவெய்துவதில்லை. ஆண்டு முழுவதையும் பூசை நாளாக்கிவிட்டவனே கருவிப் பற்றின் நோய்க்கு ஆளானவன்.

அந்நோயின் தன்மை யாது? அது பேராசை எனப் பலரும் கருதுவர். நுணுகி நோக்கின் அது ஒத்திப்போடுதல் என்பது தெளிவாகும். அடுத்த வில்லை கிடைத்ததும் தொடங்குவேன் என்னும் உறுதிமொழியே அதன் தாரக மந்திரம். இதிற் பழமை விரும்பிக்கும் புதுமை விரும்பிக்கும் வேறுபாடில்லை. புதுமை விரும்பி தன் குறையை நாளைய கருவி தீர்க்கும் என நம்புகின்றான். பழமை விரும்பி நேற்றைய கருவி தீர்க்கும் என நம்புகின்றான். இருவருமே இன்றைய ஒளியில், இன்று கைவசமுள்ள கருவியோடு, இன்று எதிரே நிற்கும் மனிதனை நோக்குவதினின்றும் தப்பிச் செல்கின்றனர். நோக்கினால் தோல்வி நேரலாம். கருவியைத் தேடும் வரை தோல்வி இல்லை. ஆகவே இப்பற்றின் அடியில் ஆசையைக் காட்டிலும் அச்சமே மிகுதியாக உள்ளது எனலாம்.

பழமையும் புதுமையும் ஒன்றையொன்று தேடும் விந்தையும் இக்காலத்தில் நிகழ்கின்றது. 2008ஆம் ஆண்டு முதல் சந்தைக்கு வந்த ஆடியில்லாக் கமராக்களில் வில்லைக்கும் ஒளியுணர் பரப்புக்கும் இடையிலான தூரம் மிகக் குறைவு. பழைய திருகாணி வகை வில்லைகள் ஏறத்தாழ 45 மில்லிமீற்றர் தூரத்தை வேண்டுவன. புதிய கமராக்கள் சிலவற்றில் அது 18 மில்லிமீற்றர் மட்டுமே. எஞ்சிய வெளியை ஓர் உலோக வளையத்தால் நிரப்பிவிட்டால் பழைய வில்லை புதிய கமராவிற் பொருந்திவிடும். இவ்வாறு மறுபிறப்பெய்தியவற்றுள் சோவியத் ஒன்றியத்திற் செய்யப்பட்ட ஹீலியொஸ் 44 ஒன்றாகும். ஜேர்மனியின் பயோட்டார் வில்லையின் அமைப்பைத் தழுவியது அது. அதனால் எடுக்கப்படும் படங்களின் பின்னணி சுழல்வது போலத் தோன்றும். வில்லை அமைப்போர் இதனை வழு என்பர். இன்றைய ஆர்வலர் அழகு என்பர். வழு எவ்வாறு அழகாயிற்று? வழுவற்ற வில்லைகள் மலிந்த பின்னரே வழு அரிதாகி விருப்பத்துக்குரியதாயிற்று. இவ்விருப்பம் தவறன்று. ஆயின் சுழலும் பின்னணிக்காக மட்டும் ஒரு முகம் படமாக்கப்படுமிடத்து, முகம் வில்லைக்குச் சாட்சியாகிவிடுகின்றது. வில்லை முகத்துக்குச் சாட்சியாதலே முறை.

இந்நிலைக்குத் தனிமனிதன் மட்டுமே பொறுப்பாளி எனக் கொள்வது நியாயமன்று. 1867இல் வெளியான ‘மூலதனம்’ முதற் பாகத்தில் கார்ல் மார்க்ஸ் பண்டங்களின் மாய வழிபாடு பற்றி விளக்கினார். மனிதரிடையே நிலவும் உழைப்பின் உறவுகள், சந்தையில் பொருள்களிடையே நிலவும் உறவுகள் போலத் தோற்றம் பெறுகின்றன என்பது அவர் கருத்து. பார்னாக் தாமே பயன்படுத்திய, அவர் பெயர் பொறிக்கப்பட்ட 1923ஆம் ஆண்டுச் சோதனைக் கமரா, 2022 யூன் மாதத்தில் நடைபெற்ற ஏலத்தில் 144 இலட்சம் யூரோவுக்கு விலைபோயிற்று. பாரத்தைக் குறைக்கும் பொருட்டு ஒரு நோயாளி செய்த கருவி, எவரும் கைக்கொண்டு தெருவில் நடக்க இயலாத பாரத்தைப் பெற்றுவிட்டது. மறுபுறத்தில், உள்ள கருவி போதும் என்னும் மனநிறைவைக் குலைப்பதிலேயே சந்தையின் வாழ்வு தங்கியுள்ளது. குறையுணர்வை உற்பத்தி செய்யாது புதிய கருவியை விற்றல் அரிது.

இங்கு ஒரு மறுப்பு எழலாம். சேகரிப்போன் எவருக்கும் தீங்கு செய்வதில்லை. மாறாக, அழிந்துபோகக்கூடிய தொழினுட்ப அறிவை அவனே காத்து வைக்கின்றான் அன்றோ? இம்மறுப்பில் உண்மை உண்டு. கொடாக் நிறுவனத்தில் ஸ்ரீவன் சாஸன் என்னும் பொறியியலாளர் 1975இல் உருவாக்கிய முதல் இலக்கமுறைக் கமரா, படமொன்றை ஒலிநாடாவிற் பதிவுசெய்ய 23 செக்கன்களை எடுத்துக்கொண்டது. படச்சுருளினால் வாழ்ந்த அந்நிறுவனம் 2012இல் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரியது. அதன் புகழ்பெற்ற கொடாக்குரோம் சுருளின் உற்பத்தி 2009இல் நிறுத்தப்பட்டது. அதனைத் துலக்கும் கடைசி நிலையமும் 2010 இறுதியில் அச்சுருளை ஏற்பதை நிறுத்தியது. கருவியும் இரசாயனமும் அவற்றை அறிந்த கைகளும் இத்துணை விரைவில் மறையும் உலகில், பழையதைப் பேணுவோனும் திருத்துவோனும் நன்றிக்குரியவர்களே. பேணுதல் பிறர்க்கும் பின்வருவோர்க்கும் பயன்படும் காவலாக அமையுமிடத்து அது அறம். பிறர் கைபடாது பூட்டி வைத்தலாகச் சுருங்குமிடத்து அது வெறும் உடைமை. கருவியைப் பேழையுள் வைத்தல் தானாகத் தவறாவதில்லை. திறவுகோல் யார் பொருட்டு உள்ளது என்பதே அறத்தின் வினா.

பயன்பாடு ஒன்றே இந்நோய்க்கு மருந்தாகும் எனவும் கொள்ளற்க. அமெரிக்கத் தெருப் புகைப்படக் கலைஞரான கறி வினோகிராண்ட் 1984இல் மறைந்தபோது, எடுத்தும் துலக்கப்படாத படச்சுருள்கள் ஏறத்தாழ 2,500 எஞ்சியிருந்தன. சுருளொன்றுக்கு 36 படங்கள் எனக் கொள்ளின் அவை 90,000 படங்களாகும். அவர் கமராவைப் பேழையுள் வைத்தவரல்லர், கையினின்றும் இறக்காதவர். எனினும் இறுதியாண்டுகளில் எடுத்தலின் விரைவு பார்த்தலை முந்திவிட்டது. சேகரிப்போன் கருவியிலே தங்கிவிட்டான் எனின், இவர் செய்கையிலே தங்கிவிட்டார் எனலாம். அவர் அருங்கலைஞர் என்பதில் ஐயமில்லை. ஆதலினாலேயே இவ்வெடுத்துக்காட்டு கனதியானது. இன்று கைத்தொலைபேசியில் ஆயிரக்கணக்கான படங்களை எடுத்து ஒருமுறையேனும் திரும்பிப் பாராதிருக்கும் சாதாரண மனிதர் அனைவரும், அக்கலையின்றி அந்நிலையை மட்டும் எய்தியவர்களாவர். கருவி பார்வைக்கு அடங்குதல் போலவே, எடுத்தலும் பார்வைக்கு அடங்குதல் வேண்டும்.

இதுவரை கூறியன கலைஞன் தனக்குச் செய்துகொள்ளும் நன்மை தீமை பற்றியன. கருவிப் பற்றின் மிகக் கடுமையான சோதனை, பிறரைச் சார்ந்தது. கருவிக்கு விசுவாசம் இல்லை. 1968 ஓகஸ்ட் மாதத்தில் வார்சோ ஒப்பந்தப் படைகளின் தாங்கிகள் பிராக் நகருள் நுழைந்தபோது, யோசெப் கூடெல்கா அதனைப் பதிவுசெய்தது கிழக்கு ஜேர்மனியின் எக்ஸாக்டா கமராவினாலும் யேனா நகரின் பிளெக்டகொன் வில்லையினாலுமாகும். அதே அணியின் தொழிற்சாலைகளிற் பிறந்த கருவி அவ்வணியின் அடக்குமுறைக்கே சாட்சியாயிற்று. இதற்கு மறுதலையான நிகழ்வும் உண்டு. போலறொயிட் நிறுவனத்தின் உடனடிப் படமெடுக்கும் சாதனம் உலகெங்கும் மகிழ்ச்சியின் கருவியாகப் போற்றப்பட்ட காலத்தில், தென்னாபிரிக்காவில் அது கறுப்பின மக்களைக் கட்டுப்படுத்திய அனுமதிப் புத்தகங்களுக்குப் படமெடுக்கப் பயன்பட்டது. 1970இல் அந்நிறுவனத்தின் ஊழியர்களான கறொலைன் ஹண்டர், கென் வில்லியம்ஸ் ஆகியோர் இதனை எதிர்த்துக் கிளர்ந்தனர். ஹண்டர் வேலையை இழந்தார். 1977இல் நிறுவனம் தென்னாபிரிக்காவினின்றும் விலகியது. தாம் உழைத்த சாதனத்தின் நுட்பத்தில் அவர்களுக்கும் பெருமை இருந்திருத்தல் கூடும். ஆயின் அது யாரை நோக்கித் திருப்பப்படுகின்றது என அவர்கள் வினவினர். கருவியை உண்மையாக மதித்தல் என்பது இவ்வினாவையும் உள்ளடக்கியதே. வில்லையின் கூர்மையை வியந்து, அது குத்தும் இடத்தை நோக்காதிருத்தல் பற்றாகாது, குருட்டுத்தனமே ஆகும்.

இலங்கையின் புகைப்பட வரலாற்றில் லயனல் வென்ட் தனியிடம் பெறுபவர். 1900இல் பிறந்து 1944இல் மறைந்த அவர், சட்டம் பயின்றவர், பியானோ இசைஞர், 43 குழுவின் தோற்றத்துக்கு வித்திட்டோருள் ஒருவர். றொலிபிளெக்ஸ், லைக்கா ஆகிய அக்காலச் சிறந்த கமராக்களைக் கையாண்டதோடு, இருட்டறையிற் பல புதுமைகளையும் ஆராய்ந்தவர். கருவிப் பற்றிலும் இரசாயன நுட்பத்திலும் அவருக்கிருந்த ஆர்வம் சிறிதன்று. அவற்றைப் பெறும் வசதியும் அவருக்கு இருந்தது. எனினும் இன்று அவர் நினைக்கப்படுவது அவற்றுக்காகவன்று. அவருடைய நெகற்றிவ்கள் அவர் மறைவுக்குப் பின் அழிந்துபோயின; அவர் கையாற் செய்த படிகளும், 1950இல் வெளிவந்த தொகுப்பு நூலுமே எஞ்சின. அப்படங்களிற் கரையோர மீனவரையும் கிராமத்து மனிதரையும் காண்பவர், எவ்வில்லையால் எடுக்கப்பட்டதென முதலில் வினவுவதில்லை. கருவி தன் கடமையைச் செய்து விலகிவிட்டது, நோக்கு நிலைத்துவிட்டது. அம்மனிதரும் அவ்வாறே நோக்கப்பட விரும்பினரா என்னும் வினாவும் அப்படங்களோடு நிலைத்தே நிற்கின்றது. அவ்வினாவை எந்த வில்லையும் தீர்க்கமாட்டாது.

தொகுத்து நோக்குமிடத்து, கமராப் பற்று தன்னளவில் நன்றுமன்று, தீதுமன்று. அது செல்லும் திசையே அதன் அறத்தை நிர்ணயிக்கின்றது. அதனை அளந்தறிய மூன்று வினாக்கள் போதும். தொழில் செய்யும் வேளையில் கருவி கருத்தினின்று மறைகின்றதா? எடுத்ததைப் பார்க்கும் பொறுமையையும் அது வளர்க்கின்றதா? அது யாரை நோக்கித் திரும்பியுள்ளது, யார் கைக்கு எட்டாதுள்ளது என்பதையும் பற்றுடையோன் எண்ணுகின்றானா? இம்மூன்றுக்கும் ஆம் எனக் கூறக்கூடியவன் நூறு வில்லைகளை உடையவனாயினும் பற்றற்றவனே. கூறவியலாதவன் இரவல் பெற்ற ஒரே கமராவை உடையவனாயினும் கருவிக்கு அடிமையே. கருவி செய்யும் விலங்காகிய மனிதன் மனிதனாவது, தான் செய்த கருவியைத் தாண்டி எதிரே நிற்பவரைக் காணும்போதேயாகும்.